ஒன்றும் தெரியாத பக்கம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் அக்காவுக்குப் பெயர் தூசி மேடம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். கல்லைக் கம்பி இடுக்கியில் மாட்டி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் குனிந்தாள் என்றால் அடுத்த நொடி "தூசி!" என்று ஒரு சத்தம் வரும். நாங்கள் ஏதோ கொலைக் குற்றம் செய்துவிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு, அங்கே பெரிதாகி, குறுக்கே விழுந்த மரக்கட்டை மாதிரி கிடக்குமாம். மெல்லிய துணியால் துடைப்பாள், ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடிப்பாள், மறுபடி குனிவாள், மறுபடி "தூசி!" என்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் பயப்படுவார்கள், பிறகு அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கூடப் பிறந்தவள் சிரிக்காமல் வேறு யார் சிரிப்பது?

எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். நான் வாசல் மேசையில் இருப்பவள். வருகிற கல்லை வாங்கி, எடை போட்டு, காகித மடிப்பில் வைத்து உள்ளே அனுப்புவேன். கல் மண்ணில் விளைந்ததா, ஆலையில் செய்ததா, அதன் நிறம் தானாக வந்ததா, உலையில் சுட்டு வரவழைத்ததா என்று பார்த்து எங்கள் முதலாளி அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். சுடாத கல் என்று அறிக்கை கிடைத்தால் விலை பல மடங்கு ஏறும். அந்த அறிக்கையின் ஓரத்தில் கல்லின் உட்புறம் ஒரு சின்னப் படமாக இருக்கும். அதுதான் அக்காவின் வேலை.

படம் என்றால் பொத்தானை அமுக்கிவிட்டுப் போவதில்லை. கல்லின் பட்டைகள் பளிச்சென்று கண்ணில் அடிக்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். விளக்குக் குழாயை ஓரமாகச் சாய்க்க வேண்டும். ஒரு மயிரிழை சாய்த்தால் உள்ளே ஒரு ஊரே தெரியும், இன்னொரு மயிரிழை சாய்த்தால் வெறும் நீலம்தான். ஆழத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நடுவில் மேசை அதிர்ந்தால் எல்லாம் போச்சு. எங்கள் கட்டிடத்தின் கீழே டயர் கடை இருக்கிறது. அங்கே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் மேலே எங்கள் டீ கிளாசில் வட்டம் வட்டமாக அலை எழும். அக்கா ஜன்னலைத் திறந்து "டயர்காரரே!" என்று குரல் கொடுப்பாள். "நிறுத்திட்டேன் மேடம், எடுத்துக்கோங்க!" என்று பதில் வரும். நாங்கள் மேலே எக்ஸ்ரே எடுக்கிறோம் என்று அந்த மனுஷன் ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கல் வியாபாரிகள் சங்கம் வருடா வருடம் ஒரு காலண்டர் போடும். அதில் எங்கள் கூடத்துப் படங்கள் வரும். நட்சத்திரம் மாதிரி சிதறிய படிகம், கைரேகை மாதிரி நெளிந்த நீர்த்துளிகள், எல்லாம் அக்கா எடுத்தவை. கீழே பொடி எழுத்தில் கூடத்தின் பெயர் இருக்கும். அவள் பெயர் இருக்காது. ஒவ்வொரு வருடமும் முதலாளியிடம் போய்க் கேட்பாள். "பாக்கலாம்மா" என்பார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா என்னிடம் சொல்வாள், "பணம் காசு வேணாம்டி. நான்தான் எடுத்தேன்னு ஒரு வரி. எம் பொண்ணு படிச்சுப் பாக்கணும்."

அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் நீலக்கல்காரர். எங்கள் கூடத்துக்கு வரும் நீலக்கற்களில் பாதி அவருடையவை என்பதால் அவர் படியேறினாலே முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். பேச்சில் தேன் ஒழுகும். என்னை "தங்கச்சி" என்பார், அக்காவை "மேடம்" என்பார், முதலாளியை "நம்ம ஆளு" என்பார். கல் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. நீலம்தான், ஆனால் பால் கலந்த மாதிரி மங்கல். எடை போட்டு உள்ளே அனுப்பிவிட்டு நான் மறந்தே போனேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். "அடியே, இங்க வா. மூச்சு விடாம பாரு."

குனிந்து பார்த்தேன். நீலத்துக்குள் மெல்லிய வெள்ளி ஊசிகள், ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே சாய்வில் இறங்கிக்கொண்டிருந்தன. விளக்கு பட்ட இடத்தில் சிவப்பும் பச்சையுமாக மின்னின. அவற்றின் நடுவே சதுரமாக ஒரு சின்னப் படிகம், தலையில் கூரை வைத்த மாதிரி, மஞ்சள் வெளிச்சத்துடன் நின்றது. எனக்குக் கல்லைப் பற்றி எடையைத் தவிர எதுவும் தெரியாது. ஆனாலும் அங்கிருந்து கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

அன்று டயர்காரர் பல தடவை மெஷினை நிறுத்த வேண்டியிருந்தது. கடைசியில் அவரே கேட்டுவிட்டார்: "யாருக்கு மேடம், இவ்ளோ பெரிய எலும்பு முறிவு?"

அக்கா அதைப் பெரிய தாளில் இரண்டு பிரதி போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். அக்கா வீட்டில் முன்னறைதான் எல்லாம். ஒரு மூலையில் அத்தான் இடுப்புக்குப் பெல்ட் போட்டுப் படுத்திருப்பார். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பு எலும்பு நகர்ந்தபின் வாரத்தில் பாதி நாள்தான் ஓட்டுகிறார். இன்னொரு மூலையில் மகளின் படிப்பு மேசை. மகள் படத்தைப் பார்த்ததும், "அம்மா, மழைக்குள்ள ஒரு வீடு! உள்ள லைட் எரியுது பாரு சித்தி!" என்று கத்தினாள். அன்றே அதை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியும் விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தக் கல் "மழை வீடு" ஆகிவிட்டது.

இன்னொரு பிரதியால்தான் எல்லாம் வந்தது. வியாபாரிகள் சங்கத்தில் இந்த முறை யார் வேண்டுமானாலும் சொந்தப் பெயரில் படம் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். கல்லுக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் போதும். அறிக்கை வாங்க நீலக்கல்காரர் வந்தபோது அக்கா அந்தப் பெரிய படத்தை அவர் முன்னால் விரித்தாள். முகமெல்லாம் பல்லாக நின்றாள். பெற்ற பிள்ளையைக் காட்டுகிறவள் மாதிரி நின்றாள் என்றால் மிகையில்லை.

கல் தொழிலில் கல்லுக்குள் எது இருந்தாலும் அதற்கு ஒரே பெயர், குறை. அத்தனை வருடம் அதே தொழிலில் இருந்தும் அக்கா அதை மறந்துபோனாள்.

"இவ்ளோ அழுக்கா இருக்கு உள்ள?" என்றார் அவர்.

அக்கா சிரித்தாள். "அழுக்கு இல்லைங்க, ஊசி. இது இருக்கிறதாலதான் சுடாத கல்லுன்னு அறிக்கை கிடைச்சிருக்கு. உலையில வச்சிருந்தா இதெல்லாம் கரைஞ்சு போயிருக்கும்."

"கரைஞ்சு போயிடுமா?"

"ஆமா. ஊசி கரைஞ்சா கல்லு தெளிஞ்சிடும். ஆனா இந்த அழகு போயிடும்ல?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தாராளமா அனுப்புங்க மேடம். உங்க பேரு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கல்லையும் அறிக்கையையும் வாங்கிக்கொண்டு இறங்கினார். அக்கா அவரை வாசல்வரை போய் வழியனுப்பினாள். அவ்வளவு நல்ல மனுஷர் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து சங்கத்திலிருந்து போன் வந்தது. மழை வீடு உள்பக்கத்தில் ஏதோ ஒரு மாதத்துக்கு இல்லை, காலண்டரின் முகப்புக்கே தேர்வாகியிருந்தது. கீழே அவள் பெயர். போனை வைத்துவிட்டு அக்கா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "தூசி" என்றாள். அன்று நாங்கள் எல்லோரும் அவள் செலவில் டீ குடித்தோம். கீழே டயர்காரருக்கும் ஒரு கிளாஸ் போனது.

காலண்டர் அச்சுக்குப் போவதற்கு முன்பே நீலக்கல்காரர் மறுபடி படியேறி வந்தார். "தங்கச்சி, பழைய கல்லுதான். கொஞ்சம் பட்டை தீட்டினேன், எடை மாறியிருக்கும். எடையை மட்டும் மாத்திப் புது அறிக்கை போட்டுடுங்க" என்றார். மடிப்பைப் பிரித்த நான் அது வேறு கல் என்று நினைத்தேன். மங்கலே இல்லை. நெஞ்சை அள்ளும் நீலம். அவர் சொன்ன பழைய அறிக்கை எண்ணையும் புது எடையையும் எழுதி உள்ளே அனுப்பினேன்.

உள்ளேயிருந்து "தூசி!" என்ற சத்தம் வரவில்லை. காத்திருந்து பார்த்தேன், வரவேயில்லை. எழுந்து போனேன். அக்கா மைக்ரோஸ்கோப்பை விட்டு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

மழை நின்றுபோயிருந்தது. ஊசிகள் இருந்த இடத்தில் பொடிப்பொடிப் புள்ளிகள், கோடு போட்டுவிட்டு யாரோ அழித்த மாதிரி. வீடு அதே இடத்தில்தான் நின்றது. ஆனால் சூட்டில் அது உருகி வெடித்திருந்தது. அதைச் சுற்றித் தட்டு மாதிரி வட்டமாக ஒரு விரிசல். உள்ளே வெளிச்சம் இல்லை.

"சுட்டுட்டான்டி," என்றாள் அக்கா. "நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கரைஞ்சா தெளிஞ்சிடும்னு என் வாயாலயே சொன்னேன்."

முதலாளி அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள், ஏனென்றால் புது எடை என் கையெழுத்தில் இருந்தது. நீலக்கல்காரர் ஏற்கெனவே அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றபடியே சொன்னாள்:

"சார், இது சுட்ட கல்லு. பழைய அறிக்கையை இதுக்குக் கொடுக்க முடியாது."

"அதே கல்லுதானேம்மா? சுடாததுன்னு நாமதானே கொடுத்தோம்?"

"அது அப்போ. இப்ப உள்ள எல்லாம் உடைஞ்சு கிடக்கு. நீங்களே பாருங்க."

முதலாளி பார்க்க எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பார்க்காமலே தெரிந்திருந்தது. நீலக்கல்காரர் வருத்தப்படுகிற குரலில் சொன்னார், "மேடம், நான் பாட்டுக்கு மங்கலாவே வித்துட்டுப் போயிருப்பேன். உள்ள இருக்கிறதைப் பெருசு பண்ணிக் காட்டினது நீங்க. கரையும்னு சொன்னதும் நீங்க. இப்ப நீங்களே இப்படிப் பேசினா எப்படி?"

எனக்கு அந்த ஆளின் தேன் வாயில் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. அடிக்கிறவர்கள் வாசல் மேசையில் வேலைக்கு இருக்க மாட்டார்கள்.

முதலாளி பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே மென்மையாகப் பேசினார். மென்மையாகப் பேசுகிறபோதுதான் அவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "ஒரு விஷயம்மா. வாடிக்கையாளர் கல்லோட படத்தை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கீங்க. வெளிய அனுப்பியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. இது எவ்ளோ பெரிய தப்புன்னு உங்களுக்கே தெரியும்."

"இவர்தான் சம்மதிச்சார்."

"நானா?" என்றார் நீலக்கல்காரர். "எப்ப?"

அக்கா அவரைப் பார்த்தாள். கல்லுக்குள் பார்க்கிற மாதிரியே, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"காலண்டர் வேணாம்," என்றார் முதலாளி. "அந்த வீடோ என்னமோ, அது அதே இடத்துல இன்னும் இருக்கு. நாளைக்கு இந்தக் கல்லை வாங்குறவன் கடையிலயே உங்க காலண்டர் தொங்கும். லென்ஸை வச்சுப் பாத்தான்னா ரெண்டையும் ஒப்பிட்டுடுவான். பழைய படத்தைக் கம்ப்யூட்டர்லருந்து அழிச்சுடுங்க. வீட்டுல இருக்கிறதையும் கொண்டாந்துடுங்க. புது அறிக்கைக்கு ஒரு படம் வேணும். எந்தப் பக்கம் பாத்தா ஒண்ணும் தெரியாதோ அந்தப் பக்கமா எடுங்க. அது உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

மாடிப்படி ஓரத்தில், தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று நான் அவளிடம் சண்டை போட்டேன். "முடியாதுன்னு சொல்லுக்கா. மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லு."

"சொல்லிட்டு?"

"வேற கூடத்துக்குப் போ. உன் கைக்கு யாரு வேலை கொடுக்க மாட்டான்?"

"எல்லாக் கூடத்துக்கும் கல்லு கொடுக்கிறவன் இவன்தான்டி. அத்தான் படுத்துக் கிடக்கிறார். உன்னையும் சேர்த்துத்தான் அனுப்புவாங்க." தண்ணீர் பிடித்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள். "உனக்கு ரோஷம் இருக்கு, நல்லது. எனக்கும் இருந்துச்சு, காலையில வரைக்கும்."

அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் வேலை செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எண்ணெய் விட்டாள். கல்லை இடுக்கியில் திருப்பித் திருப்பி மாட்டினாள். விளக்கை ஓரத்திலிருந்து எடுத்துக் கீழே, நேராக வைத்தாள். புள்ளிகள் மங்கின. இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டினாள். காணாமல் போயின. வெடித்த வீடு மட்டும் விடவில்லை. எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு ஓரத்தில் வந்து நின்றது. கடைசியில் ஒரு பட்டையின் விளிம்புக்குப் பின்னால் அதை மறைத்தாள். மழை வீட்டை எடுக்க எவ்வளவு பாடுபட்டாளோ, அதைவிட அதிகமாகப் பாடுபட்டாள். அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது, இதைக்கூட.

ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள். மெஷின் நின்றது. படம் எடுத்தாள்.

"ஆச்சா மேடம்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. வழக்கமாக நன்றி சொல்வாள். அன்று ஜன்னலைச் சாத்திவிட்டாள். பாவம், டயர்காரர் மெஷினை ஓட்டாமல் வெகுநேரம் காத்திருந்தார்.

அதன்பின் சங்கத்துக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அந்த முகப்புப் படம் வேணாங்க," என்றாள். மறுமுனையில் அந்த ஆள் பதறுவது எனக்கே கேட்டது. இவ்வளவு நல்ல படத்தை ஏன், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"படம் சரியில்லைங்க. உள்ள தெரியுறது எல்லாம் தூசி. துடைக்காம எடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

தூசி மேடம் தூசியோடு படம் எடுத்தாள் என்று எங்கள் ஊர் வியாபாரிகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்ததில்லை.

சாயங்காலம் அவளுடன் நானும் வீட்டுக்குப் போனேன். மகள் பள்ளியிலிருந்து வந்திருக்கவில்லை. அக்கா மேசைமேல் ஏறிச் சுவரிலிருந்து படத்தை உரித்தாள். நாலு மூலையிலும் டேப்போடு சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. மகள் வந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா அது?" என்றாள். "ஆபீசுல கேட்டாங்க" என்றாள் அக்கா. ஓ, பெரிய இடத்தில் மாட்டப்போகிறார்கள் என்று நினைத்து அந்தப் பெண் கைதட்டியது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

அடுத்த வாரம் புது அறிக்கை தயாரானது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, மாதிரி அச்சு ஒன்றைக் கையில் கொடுத்தார். "ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல? இனிமே படம் எடுத்தவங்க பேரையும் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். முதல்ல உங்க பேருதான்."

ஓரத்தில் அந்தப் படம். அதற்குக் கீழே, பொடி எழுத்தில்கூட இல்லை, நல்ல தடித்த எழுத்தில், எங்கள் அப்பா அம்மா வைத்த பெயர்.

நான் அவளைப் படிக்கட்டில் பிடித்து நிறுத்தினேன். "அக்கா, எதுக்குப் போட்டிருக்காருன்னு புரியுதா? நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா, எனக்கு என்ன தெரியும், படம் எடுத்தவங்களைக் கேளுன்னு கையைக் காட்டுவாரு."

"தெரியும்டி" என்றாள். அச்சை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாளை அவள் கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனாள். அத்தான்தான் முதலில் பார்த்தார். கல்லைப் பற்றி அவரிடம் நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "பேரு வந்துடுச்சா! அடடே, இங்க பாருடா, அம்மா பேரு!" என்று மகளைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது. சுண்ணாம்பு பெயர்ந்த அந்த நாலு மூலைகளுக்கு நடுவில் அவரே அதை ஒட்டச் சொன்னார்.

மகள் ஒட்டினாள். கிட்டே போய் அம்மாவின் பெயரை விரலால் தடவிப் படித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள்.

"அம்மா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே?"

அக்கா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"இல்லடா," என்றாள். "ஒண்ணும் தெரியக்கூடாதுன்னுதான் அம்மா அவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்தேன்."